தொடையில் ஊன்றிய கை

பட்டறை மேஜையில் ரெசின் நிறுப்பதற்கென்று ஓர் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதைத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, அக்காவின் பழைய கேலிப்பரை ஷூவோடு தூக்கி அதன்மேல் கிடத்தினார் பட்டறையை நடத்தும் பெண். 2 கிலோ 690 கிராம். அக்கா எட்டிப் பார்த்தாள். “அரிசிப் பை மாதிரில்லா இருக்கு. இதையா இத்தனை வருசம் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேன்?”

கிங்ஸ் சர்க்கிளில், மகேஸ்வரி உத்யானைச் சுற்றிப் போகும் வட்டச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளம். வெளியே ஃபில்டர் காபியும் மல்லிகையும் மணக்கிற மாட்டுங்கா. உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை, அதற்கு மேல் மூக்கில் ஏறும் ரெசின் நெடி. சுவரோரம் வரிசையாக வெள்ளைக் கால்கள் சாய்ந்து நின்றன. குழந்தைக் கால், வளைந்த கால், குதிகால் தரையில் படாத கால். எல்லாம் பிளாஸ்டரில் வார்த்தவை. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் ஒரு தேதி. அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னைப்போல இத்தனை பேரா என்று நினைத்தாளோ என்னவோ.

அவருக்கு, பட்டறைக்காரருக்கு, வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப்பெண். ஹாஜி அலியில் 1955 முதல் இருக்கிற அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிலையத்தில் செயற்கை அவயவப் படிப்பு முடித்தவர். உதவிக்கு இரண்டு பையன்கள். அவர்களிடம் இந்தி, அக்காவிடம் தமிழ், போனில் மராத்தி என்று மூன்று மொழியில் வேலை நடக்கிறது.

அக்காவுக்கு ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. தாராவியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த ஒருவர் காய்ச்சலுக்கு ஊசி போட்டார், மறுநாள் இடது கால் விழுந்துவிட்டது. அம்மா சாகும்வரை அந்த ஊசியைத்தான் திட்டினாள். அம்மா சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. போலியோ கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால், அந்தக் காலிலோ கையிலோ வாதம் வருவதை அது தூண்டிவிடக்கூடும் என்பது 1950 வாக்கிலேயே மருத்துவ உலகுக்குத் தெரியும். தாராவிச் சந்துக்குத்தான் அந்தச் செய்தி வந்துசேரவில்லை.

அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட தலைமுறை. முதல் கேலிப்பர் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல் பட்டை, முட்டியில் கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும் வளையம், அடியில் கறுப்பு பூட்ஸ். கம்பி அவர்களுடையது, பட்டை அப்பாவுடையது. அவர்கள் கொடுத்த பட்டை தொடையை அறுக்கிறது என்று அப்பா தன் கையால் மெத்தென்ற ஆட்டுத்தோலில் வேறு தைத்துப் போட்டார். கால் வளர வளரக் கம்பி மாறியது, பட்டையை மட்டும் அப்பாவே தைத்தார். அவர் கடைசியாகத் தைத்த பட்டைதான், அவர் போன பிறகும், இன்றைக்குத் தராசில் கிடக்கும் கேலிப்பரில் இருக்கிறது.

மழைக்காலம்தான் கஷ்டம். கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட் பக்கமும் முட்டளவுத் தண்ணீர் நிற்பது மும்பைக்காரர்களுக்குப் புதிதல்ல. அந்தத் தண்ணீரில் ஒரு நாள் நடந்து வந்தால் தோல் காய மூன்று நாள் ஆகும், பூஞ்சை பூக்கும், முட்டி வளையம் துருப்பிடித்து இறங்க மறுக்கும். அதனால் அக்கா வீட்டுக்குள் கேலிப்பர் போடுவதில்லை. கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். இடது உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் முட்டியைப் பின்னால் அழுத்திக்கொண்டு நடப்பாள். தொடைச் சதை செத்துப்போனவர்கள் எல்லோரும் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிற நடை இது. கை எடுத்தால் முட்டி மடங்கும், ஆள் விழுவார். அக்காவின் சேலைகள் அந்த இடத்தில் மட்டும் முதலில் வெளுக்கும்.

இந்தியாவில் இயற்கைக் கிருமியால் வந்த கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்குப் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. கொண்டாட வேண்டிய வெற்றி. ஆனால் அக்காவைப் போன்றவர்களுக்கு இப்போதுதான் இரண்டாவது சுற்று. வாதத்தில் பிழைத்த நரம்புச் செல்கள், செத்த செல்களின் வேலையையும் சேர்த்து முப்பது நாற்பது வருடம் இழுக்கின்றன. பிறகு அவையும் களைக்கின்றன. இரண்டு வருடமாக அக்காவின் நல்ல காலும் வலிக்கிறது. சாயங்காலமானால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை. “இனிமே கேலிப்பர் வேண்டாம்லே, சக்கர நாற்காலி வாங்கிக் குடுத்துரு” என்று அவள் சொன்ன ராத்திரி நான் தூங்கவில்லை.

டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னது வேறு. இடுப்பில் பலம் இருக்கிறது. முட்டி மடங்கி இறுகிப்போகாமல் முழுசாக நீள்கிறது. கணுக்கால் மட்டும் துணிபோலத் தொங்குகிறது. முட்டிக்கு மேலே கம்பியே தேவையில்லை, முட்டிக்குக் கீழே ஓர் உறை போதும், ஆனால் அது கொஞ்சமும் வளையாததாக இருக்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்த சீட்டோடு இங்கே வந்தோம்.

அந்தச் சீட்டில் இருந்ததுதான் ‘ஃப்ளோர் ரியாக்‌ஷன்’ வகை. தரை நம்மைத் திருப்பித் தள்ளுகிற விசையையே வேலைக்கு வைத்துக்கொள்வதால் அந்தப் பெயர். பாதத்தையும் கெண்டைக்காலையும் கணுக்காலில் அசையாமல் ஒன்றாகக் கட்டிவிட்டு, முட்டிக்குச் சற்றுக் கீழே முன்பக்கம் ஒரு தகடு வைக்கிறார்கள். பாதம் தரையில் அழுந்தும்போது உறை முழுவதும் ஒரே துண்டாகப் பின்னால் சாயப் பார்க்கிறது, அந்தத் தகடு கணைக்காலெலும்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது, முட்டி நிமிர்ந்து நிற்கிறது. அக்காவின் இடது கை இத்தனை வருடம் தொடைக்கு மேலிருந்து செய்த வேலையை, தரை கீழிருந்து செய்கிறது.

முதல் நாள் அச்சு எடுத்தார்கள். காலில் மெல்லிய காலுறை மாட்டி, எலும்பு துருத்துகிற இடங்களில் எல்லாம் கரையும் பென்சிலால் குறித்து, அதன்மேல் மாவுக்கட்டுச் சுருளை நனைத்துச் சுற்றினார். கட்டு இறுகும்வரை அக்காவின் பாதத்தைத் தன் இரண்டு கைக்குள் ஏந்தியபடி தரையில் உட்கார்ந்திருந்தார், கணுக்கால் ஒரு டிகிரி திரும்பிவிடாமல். பத்து நிமிஷம் பேச்சே இல்லை. அக்கா என் காதில், “அம்மாக்குப் பெறவு இந்தக் காலை இப்பிடி யாரும் பிடிச்சதில்ல” என்றாள்.

காத்திருந்த நேரத்தில் அப்துல் கலாமைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எவரிடமும் ஐந்து நிமிஷத்தில் அவர் பெயர் வந்துவிடும். 1989 மே 22 அன்று அக்னி ஏவுகணை முதன்முதலாகப் பறந்தது. வளிமண்டலத்துக்குள் திரும்பி இறங்கும்போது மூக்கு உருகாமலும் எடை கூடாமலும் இருக்க, கரிம இழையைக் கொண்டு கூட்டுப்பொருள் செய்யும் வித்தையை ஹைதராபாத் ஆய்வகங்கள் வளர்த்திருந்தன. நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் கலாமின் ஆய்வகத்துக்கு வந்து அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். அடுத்து கலாமைத் தன் வார்டுக்கு அழைத்துப்போய், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள கேலிப்பர்களை இழுத்து நடக்கும் குழந்தைகளைக் காட்டினார். மூன்று வாரத்தில் 300 கிராமில் செய்து கொடுத்ததாகவும், குழந்தைகள் ஓடியாடியதைப் பார்த்துப் பெற்றோர் கண்கலங்கியதாகவும் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தன் வாழ்வின் பேரானந்தங்களில் ஒன்றாக அதை எண்ணினார்.

மூன்று கிலோ 300 கிராம் ஆனதற்கு ஏவுகணைப் பொருள்தான் காரணம் என்றே நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் திருத்தினார். “பொருள் பாதி சார். வடிவம் பாதி. முட்டிக்கு மேல இருந்த கம்பி, பூட்டு, பட்டை, பூட்ஸ் எல்லாமே போயிடுதில்ல?” சரியாகத்தான் பட்டது. இரும்பின் அடர்த்தி தண்ணீரைப்போல எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அலுமினியம் 2.7 மடங்கு. கார்பன் இழையும் ரெசினும் சேர்ந்த தகடு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அடர்த்தியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எடை ஐந்தில் ஒன்றாகத்தான் இறங்கும். மீதி, எதை விட்டுவிடலாம் என்று யோசித்தவரின் மூளை.

பாலிப்ராப்பிலீன் இன்னும் இலேசு, தண்ணீரில் மிதக்கும். அப்படியானால் அதிலேயே செய்தால் என்ன? வளரும் குழந்தைகளுக்கு அதில்தான் செய்கிறார்கள், அதுதான் சரியும்கூட. அடுப்பில் தகட்டைக் கண்ணாடிபோல ஆகும்வரை சூடாக்கி அச்சின்மேல் போர்த்தி உறிஞ்சினால் முடிந்தது. கால் வளர்ந்தால் சூடு காட்டி அகட்டலாம், விலையும் குறைவு. ஆனால் அக்காவின் எடையில், கணுக்காலருகே அந்தப் பிளாஸ்டிக் ஒவ்வோர் அடிக்கும் சற்றே வளைந்து கொடுக்கும். வளைந்தால் முன்தகடு முட்டியைத் தள்ளாது. வளையாமல் இருக்க வேண்டுமென்றால் தடிமனாக்க வேண்டும், அப்போது செருப்புக்குள் நுழையாது. கார்பனில் மூன்று மில்லிமீட்டர் போதும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1969-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் தலையிலும் கையிலும் பாதத்திலும் சுமை கட்டி ஆட்களை நடக்கவைத்து அளந்தார்கள். பாதத்தில் கட்டிய சுமைக்கு, அதே எடை உடம்போடு இருப்பதைப்போல நாலு முதல் ஆறு மடங்கு சக்தி செலவானது. நல்ல கால்களுக்கே அந்தக் கணக்கு. களைத்துப்போன காலில் ஒரு கிலோ குறைந்தால் அது எத்தனை படிக்கட்டு, எத்தனை கடை, எத்தனை சாயங்காலம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உறை வார்க்கிற நாளன்று நான் மட்டும் போனேன். அக்காவின் கால் அங்கே எனக்கு முன்னால் வெள்ளையாக ஒரு இரும்புக் குழாயில் நின்றது. அச்சிலிருந்து வார்த்தெடுத்து, கம்பி வலையால் தேய்த்து வழவழப்பாக்கி இருந்தார்கள். கணு எலும்பின் மேலும் முட்டிக்குக் கீழே வெளிப்பக்க எலும்பின் மேலும் கொஞ்சம் சுண்ணாம்பை அப்பியிருந்தார்கள், உறைக்குள் அங்கே இடம் கிடைக்க வேண்டும் என்று. சதை தாங்குகிற இடத்தில் சுரண்டியிருந்தார்கள். ஒரு கட்டை விரல் அகலத்துக்குச் சுரண்டலாமா வேண்டாமா என்று பட்டறைக்காரர் அரை மணி நேரம் தடவித் தடவிப் பார்த்தாராம்.

கார்பன் துணியை அன்றுதான் கையில் தொட்டேன். கறுப்புப் பட்டுபோல மினுங்குகிறது, கத்தரிக்கோலில் வெட்டினால் நூல் பிரிகிறது. ஓர் இழையின் கனம் ஏழு மைக்ரான் அளவு, நம் தலைமுடியில் பத்தில் ஒன்று. குளிர்காலத்து அக்ரிலிக் கம்பளி நூலின் நெருங்கிய உறவுதான் இதன் மூலப்பொருள். அதைக் காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் கரி மட்டும் மிஞ்சுகிறது. ஜப்பானின் டோரே நிறுவனம் 1971-ல் அதை வணிகரீதியாகத் தயாரிக்க ஆரம்பித்தது.

பட்டறைப் பையன் துணியை நேராகவும் குறுக்காகவும் மாற்றி மாற்றி அடுக்கினான். ஏன் என்று கேட்டேன். பட்டறைக்காரர் விளக்க ஆரம்பித்தபோது எனக்குப் பத்தமடைப் பாய் நினைவுக்கு வந்தது. கோரைக்குக் குறுக்கே அந்தப் பாயை எளிதாகச் சுருட்டலாம். கோரையின் நீளவாக்கில் மடக்கப் போனால் மடங்காது. கார்பனும் அப்படித்தான். இழை ஓடும் திசையில் எஃகுக்கு ஈடாக நிற்கும், குறுக்கே பலம் இல்லை. எனவே விசை எந்தப் பக்கமாக வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்தப் பக்கமாக இழையைப் போட வேண்டும். கணுக்காலின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக அகலமான பட்டைகள், திருகலைத் தாங்கச் சாய்வாக இரண்டு சுற்று. அக்கா எப்படி நடப்பாள் என்பதை அந்தப் பையன் துணியில் எழுதிக்கொண்டிருந்தான் என்றே எனக்குத் தோன்றியது.

அதற்குமேல் ஈரத்துண்டில் சுற்றி இளக வைத்திருந்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையை, காலுறை மாட்டுவதுபோல இழுத்து மாட்டினார்கள். மேல்வாயில் ரெசினை ஊற்றினார்கள், கீழே உறிஞ்சும் மோட்டார் ஓடியது. ஒரு கயிற்றால் பையைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழாக மெல்ல நழுவ விட்டான் பையன். ரெசின் கறுப்புத் துணிக்குள் பரவிக்கொண்டே இறங்கியது. காற்றுக் குமிழ் ஒன்று கணுக்கால் மடிப்பில் நின்றது. அதைப் பெருவிரலால் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் அவன் மூச்சு விட்டான். ஒரு குமிழ் உள்ளே தங்கினால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்குமாம். கொஞ்ச நேரத்தில் உறை தானாகச் சூடேறியது. கையை அருகில் கொண்டுபோனாலே தெரிந்தது, காய்ச்சல் உடம்புபோல.

ஒரு கவலையை அங்கேயே கேட்டுவிட்டேன். பழைய கேலிப்பர் கம்பி ஒடிந்தால் 90 அடி ரோட்டில் எந்த வெல்டிங் கடையிலும் பத்து நிமிஷத்தில் ஒட்டித் தருவார்கள். இது உடைந்தால்? பட்டறைக்காரர் மழுப்பவில்லை. “வெல்டிங் கிடையாது. சூடுபண்ணி வளைக்கவும் முடியாது. எட்ஜுல சத்தம் கேட்டாலோ கீறல் தெரிஞ்சாலோ அன்னைக்கே இங்க கொண்டு வரணும். சிலதுக்கு மேல இன்னொரு லேயர் போடலாம், சிலதுக்கு முடியாது. அம்மா காலு வீங்கினாலும் மெலிஞ்சாலும் வரணும்.” அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று உறுதியானது. இந்தப் பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்தப் பட்டறை தாராவியிலிருந்து டாக்ஸி தூரத்தில் இல்லாவிட்டால் அக்காவுக்கு இதை வாங்கித் தந்திருக்க மாட்டேன். எங்கிருந்தோ ஒரு நாள் முகாமுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் இதை வாங்குவது சரியல்ல. கம்பிக்கு அது போதும், கார்பனுக்குப் பக்கத்திலேயே ஆள் வேண்டும். விலை, பிளாஸ்டிக்கில் செய்வதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆனது. அந்தக் காசு இல்லாத வீடுகள்தான் எங்கள் சந்தில் அதிகம். அதை நினைக்காமல் இதை எழுத என்னால் முடியவில்லை.

இன்று மாட்டிப் பார்க்கும் நாள். புதிய உறையைத் தராசில் வைத்தார்கள், 430 கிராம். அக்கா அதைத் தானே எடுத்து, இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள். விரலால் தட்டினாள். டிக் டிக் என்றது. “ஒடைஞ்சிராதே?” என்று மூன்று முறை கேட்டாள்.

எழுந்து நின்றதும் முகம் சுருங்கியது. “முன்னாடி ரொம்பத் தள்ளுது. பின்னால சாய்ச்சு விட்டுரும்போல இருக்கு.” பட்டறைக்காரர் முழந்தாளிட்டுப் பக்கவாட்டில் பார்த்தார். குதிகாலுக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் ரப்பர் துண்டு ஒன்றைச் செருகினார். “இப்ப நடங்கம்மா.” நாலடி. “இப்பப் பரவாயில்ல.” இன்னொரு மெல்லிய துண்டு. கால் ஒரு நூலளவு முன்னால் சாய்ந்தது, அக்காவின் தோள் இறங்கியது. சரியாக விழுந்துவிட்டது என்று எங்கள் மூன்று பேருக்குமே அப்போது தெரிந்தது.

இன்னொரு கேள்வி வைத்திருந்தாள். “சாமி ரூமுக்கு, அடுப்படிக்கெல்லாம் செருப்புப் போட மாட்டேன். வெறுங்காலோட இதைப் போட்டுக்கிடலாமா?” ஷூவுக்குள் போடத்தான் இந்த வகை உறைகளை உலகம் முழுக்கச் செய்கிறார்கள். வெறுங்காலில் நடக்கிற, சம்மணமிட்டு உட்காருகிற மக்களுக்காக யோசித்ததால்தான் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் சேத்தியும் செய்த ஜெய்ப்பூர் கால் நம் ஊரில் நிலைத்தது. பட்டறைக்காரர் உறையின் அடியில் நெளிநெளியான ரப்பர் தகட்டை வெட்டி ஒட்டினார், வீட்டுக்குள் போட. குத்தவைத்து மட்டும் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார், கணுக்கால் மடங்காதே. அக்கா தலையாட்டினாள். “அது இதுக்கு முன்னாடியும் முடியல.”

பட்டறைக்குள் பத்தடிதான் நடக்க முடியும். வெளியே போய் நடந்து பாருங்கள் என்று அனுப்பினார். மேம்பாலத்துக்கு அடியில் ஒரு தோட்டம் இருக்கிறது, 2016-ல் திறந்தது. நர்மதை நதி வளைந்து போகும் விதத்தை மாதிரியாக வைத்து அதற்குள் நடைபாதை போட்டிருக்கிறார்கள். மேலே லாரிகள் உறும, கீழே பெரியவர்கள் நடைபயிற்சி போகிறார்கள். அக்காவின் பக்கத்தில், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நான். முதல் வளைவு வரை அவள் இடது கை தொடையிலேயே இருந்தது. ஊன்றவில்லை, சும்மா கிடந்தது, பழக்கம். இரண்டாவது வளைவில் கை காற்றில் நின்றது. என்ன செய்வது என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. பிறகு எதிரே வந்த ஒரு குஜராத்திப் பாட்டிக்கு வழிவிட ஒதுங்கியபோது, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டே ஒதுங்கினாள்.

உட்காரலாமா என்றேன். வேண்டாம் என்றாள். தோட்டம் முடிந்து பூக்கடைப் பக்கம் திரும்பினோம். என் கையில் துணிப்பை, அதற்குள் பழைய கேலிப்பர். அப்பா தைத்த பட்டையை மட்டும் பிரித்தெடுத்து, புதிய உறையின் உள்பக்கம் மெத்தையாக ஒட்டித் தர முடியுமா என்று அடுத்த வாரம் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மல்லிகை இரண்டு முழம் வாங்கினாள். காசு கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“பையைக் குடுலே.”

“கனமா இருக்கும்க்கா.”

“எம்புட்டுக் கனம்னு எனக்குத் தெரியாதா? குடு.”

இடது கையில் வாங்கிக்கொண்டு நடந்தாள்.